மலிவுப் பதிப்பும் தேவதூஷணமும்: 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சமயம், அறிவியல், வர்க்கம்

சமயமும் அறிவியலும் தீராப் பகையாளிகள் என்ற கருத்து உலகெங்கும் பரவியதற்குப் பெருங்காரணமாக இருந்தவை, 1874இல் ஜான் வில்லியம் டிரேப்பரும் 1896இல் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட்டும் அமெரிக்காவில் வெளியிட்ட இரு நூல்கள். கடந்த அரை நூற்றாண்டாக வரலாற்றாசிரியர்கள் இக்கருத்தைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டனர். திருச்சபையின் ஆதரவில் வளர்ந்த அறிவியலும் ஆழ்ந்த இறைப்பற்றுடைய அறிவியலாளர்களும் ஏராளம் என்பதை அவர்கள் சான்றுகளோடு காட்டியுள்ளனர். எனினும் இந்தத் திருத்தத்தை மட்டும் ஏற்று அமைந்துவிட்டால், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரே கருத்தைச் சொன்ன இருவரில் ஒருவர் சிறைக்கும் மற்றவர் ராயல் சொசைட்டி என்ற உயர் அறிவியல் கழகத்துக்கும் ஏன் போனார்கள் என்பது விளங்காமலே போய்விடும். அந்நாட்டில் உயிர்களின் தோற்றத்தைப் பற்றியோ ஆன்மாவைப் பற்றியோ ஒரு கூற்று எழுந்தபோது, அது உண்மையா என்ற கேள்வியோடு, அதைச் சொல்பவர் யார், யாருக்குச் சொல்கிறார், என்ன விலைக்கு விற்கிறார் என்ற கேள்விகளும் சேர்ந்தே எழுந்தன. பல வழக்குகளில் தீர்ப்பைத் தீர்மானித்தவை பின்னைய கேள்விகளே.

அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்கை ஆய்வு என்பது பெருமளவு ஓய்வும் வருவாயும் உடையோரின் தொழிலாக, குறிப்பாக இங்கிலாந்துத் திருச்சபைக் குருமாரின் தொழிலாக இருந்தது. மன்னரைத் தலைவராகக் கொண்ட அரசுத் திருச்சபையான அதன் 39 விசுவாசப் பிரமாணங்களுக்கு ஒப்பமிடாதவர் ஆக்ஸ்போர்டில் மாணவராகச் சேரவும் முடியாது, கேம்பிரிட்ஜில் பட்டம் பெறவும் முடியாது. இந்தத் தடை 1850களில் தளர்ந்து, 1871ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பெரும்பாலும் நீங்கியது. மெதடிஸ்டுகள், குவேக்கர்கள், யூனிட்டேரியன்கள் போன்ற பிற கிறிஸ்தவப் பிரிவினரும், யூதரும், நம்பிக்கையற்றோரும் இவ்விரு பல்கலைக்கழகங்களுக்கு வெளியே நிற்க, உள்ளே நிலவியலை ஆடம் செட்ஜ்விக், வில்லியம் பக்லண்டு என்ற குருமாரும் தாவரவியலை ஜான் ஹென்ஸ்லோ என்ற குருவும் கற்பித்தனர். இயற்கையின் ஒழுங்கமைப்பிலிருந்து படைத்தவனின் ஞானத்தை நிறுவ முற்படும் 'இயற்கை இறையியல்' என்ற துறை இவர்களுக்குப் பொதுவான அடித்தளமாக இருந்தது. அதன் புகழ்பெற்ற நூலை 1802இல் எழுதிய வில்லியம் பேலி, அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், பிரெஞ்சுப் புரட்சியின் அலை இங்கிலாந்துத் தொழிலாளரை எட்டிக்கொண்டிருந்த வேளையில், உழைப்பவர்கள் தம் நிலையில் நிறைவு கொள்ள வேண்டிய காரணங்களை விளக்கி ஒரு சிறு நூலும் எழுதியவர். கண்ணின் அமைப்பில் கடவுளின் திட்டத்தைக் கண்டவரே ஏழை ஏழையாக இருப்பதிலும் அத்திட்டத்தைக் கண்டார் என்பது தற்செயலானதன்று. பிரிட்ஜ்வாட்டர் பிரபு விட்டுச்சென்ற 8,000 பவுன் கொடையில் 1833 முதல் வெளிவந்த எட்டு ஆய்வுநூல்களும் இயற்கை இறையியலின் இந்த மரபையே பெருஞ்செலவில் தொடர்ந்தன.

இந்த ஒழுங்குக்கு வந்த முதற் பெரும் சோதனையும், நூலின் விலைக்கும் குற்றத்துக்கும் உள்ள உறவை வெளிப்படுத்திய முதல் நிகழ்வும், வில்லியம் லாரன்சு என்ற அறுவை மருத்துவரின் உடலியல் விரிவுரைகள் 1819இல் நூலாக வெளிவந்தபோது நேர்ந்தன. உயிரும் மனமும் உடலின் அமைப்பிலிருந்தே எழுகின்றன, தனியாக ஆன்மா என்ற ஒன்றைக் கொண்டு உடலியலை விளக்கத் தேவையில்லை என்ற பொருளில் அவர் எழுதியதால் எழுந்த எதிர்ப்பில், அவர் பணியாற்றிய பிரைடுவெல், பெத்லெம் மருத்துவமனைகளின் நிர்வாகத்தினர் அவரைப் பணியிடை நீக்கம் செய்தனர். அவர் நூலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் பதிப்பாளர் சிலர் அதைத் திருட்டுப் பதிப்பாக அச்சிட்டு விற்கத் தொடங்க, அதைத் தடுக்கும்படி 1822இல் லாரன்சு நீதிமன்றத்தை நாடினார். வேதத்துக்கு மாறான நூலுக்குச் சட்டம் பதிப்புரிமை வழங்காது என்ற காரணத்தால் லார்டு சான்சலர் எல்டன் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. சமயத்தைக் காக்கும் நோக்கத்தோடு அளிக்கப்பட்ட இத்தீர்ப்பின் விளைவு நேர்மாறாக அமைந்தது: உரிமையாளர் இல்லாத நூலை யாரும் அச்சிடலாம் என்றாகிவிட, மருத்துவர்களுக்கென உயர்ந்த விலையில் வெளியான ஒரு நூல் கைவினைஞர்களின் மேசையை அடைந்தது. லாரன்சு மட்டும் பின்னாளில் தம் கருத்துகளைப் பேசாதிருந்து, விக்டோரியா அரசியின் அறுவை மருத்துவராகி, 1867இல் பாரோனெட் பட்டமும் பெற்றார்.

பதிப்பாளர்களின் கதை வேறு. தகரத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய ரிச்சர்டு கார்லைல், வேதத்தை மறுத்துத் தாமஸ் பெயின் எழுதிய நூலை வெளியிட்டதற்காகத் தேவதூஷணக் குற்றம், அதாவது கடவுளையோ கிறிஸ்தவத்தையோ இழித்துரைத்த குற்றம், சாட்டப்பட்டு 1819இல் மூன்றாண்டுச் சிறையும் அபராதமும் விதிக்கப்பெற்றார். அபராதத்தைக் கட்டாததால் ஆறாண்டுகள் டார்செஸ்டர் சிறையில் கழித்தார். அங்கிருந்தபடியே 1821இல் அறிவியலாளர்களை விளித்து அவர் எழுதிய வெளியீடு, இயற்கையின் உண்மைகளை அறிந்தும் குருமாருக்கும் மன்னருக்கும் அஞ்சி வாய்மூடிக் கிடக்கிறார்கள் என்று அவர்களைக் குற்றஞ்சாட்டியது. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. மான்செஸ்டரில் சீர்திருத்தம் கோரிக் கூடிய மக்கள் பீட்டர்லூவில் வெட்டிச் சாய்க்கப்பட்ட அதே 1819ஆம் ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'ஆறு சட்டங்கள்', தேவதூஷணத்தையும் அரசநிந்தனையையும் ஒரே மூச்சில் தண்டித்தன. அவற்றுள் ஒன்று, ஆறு பென்சுக்குக் குறைந்த விலையில் செய்தியோ அதைப் பற்றிய கருத்தோ தாங்கி வரும் இதழ்களுக்கு முத்திரை வரியை விரித்தது. ஆறு பென்சுக்கு மேல் கொடுத்து வாங்கக் கூடியவர் எதைப் படித்தாலும் நாட்டுக்குக் கேடில்லை என்ற கணக்கு அதற்குள் அடங்கியிருந்தது.

உழைக்கும் மக்களிடம் அறிவியல் மேலிருந்து இறங்கிவந்ததாக எண்ணுவதும் பிழை. லங்காஷயர் மாவட்டத்தில் கைத்தறி நெசவாளர், செருப்புத் தைப்போர் போன்ற கைவினைஞர்கள் தாவரவியல் சங்கங்களை அமைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் மதுவிடுதிகளில் கூடினர். வரலாற்றாசிரியர் ஆன் செக்கார்டின் ஆய்வு இச்சங்கங்களின் நடைமுறையை விரிவாக விளக்கியுள்ளது. ஒவ்வொருவரும் கொண்டுவந்த செடிகள் மேசையில் குவிக்கப்பட, தலைவர் ஒவ்வொன்றாக எடுத்து அதன் இலத்தீன் பெயரை உரக்கச் சொல்ல, உறுப்பினர்கள் கேட்டு மனத்தில் இருத்திக்கொள்வர். சந்தாவில் ஒரு பகுதி பொதுவாக நூல் வாங்கவும் மறுபகுதி பானத்துக்கும் போனது. அறைக்கு வாடகை கேளாத விடுதிக்காரருக்குப் பானத்தின் விற்பனையே வருவாய் என்பதால், பீர் அருந்தாமல் தாவரவியல் கற்க வழியில்லை. பிரெஸ்ட்விச் ஊரின் நெசவாளரான ஜான் ஹார்ஸ்ஃபீல்டு, லின்னேயஸ் வகுத்த 24 தாவர வகுப்புகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதித் தம் தறிக்காலில் ஒட்டிவைத்து, நாடா ஓடும்போதே மனனம் செய்தவர். பாசி வகைகளைச் சேகரிப்பதில் வல்லவரான மான்செஸ்டரின் எட்வர்டு ஹாப்சனிடமிருந்து மாதிரிகளைப் பெற்றவர்களுள் வில்லியம் ஹூக்கர் போன்ற புகழ்பெற்ற பேராசிரியரும் உண்டு.

இவர்கள் நாத்திகர்கள் அல்லர். பலர் நம்பிக்கையுள்ளவர்கள், வேறு பலர் சமயத்தைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளாதவர்கள். வாரத்தில் ஓய்வு கிடைத்த ஒரே நாள் ஞாயிறு என்பதால், அந்நாளில் செடி தேடிச் செல்வதும் மதுவிடுதியில் கூடுவதும் ஓய்வுநாள் ஆசரிப்பை மீறும் பாவமாக, சமயப் பற்றாளர்களாலும் மதுவிலக்கு இயக்கத்தாராலும் கண்டிக்கப்பட்டன. அதே நூற்றாண்டில் குருமார் பூச்சியும் பூவும் சேகரித்தது இறைவனின் படைப்பைப் போற்றும் செயலாகப் பாராட்டப்பட்டது. அதற்கு அவர்களுக்கு வாரத்தின் ஏனைய ஆறு நாள்களும் இருந்தன.

தொழிலாளரின் அறிவுவேட்கையை ஒழுங்குபடுத்த மேல்தட்டினரும் முயன்றனர். ஜார்ஜ் பெர்க்பெக் முதலியோரின் முயற்சியால் 1823இல் லண்டனில் தொடங்கிய மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் எனப்படும் தொழிலாளர் கல்விக் கழகத்தின் வழியில் பல நகரங்களில் எழுந்த கழகங்கள் இயந்திரவியலும் வேதியியலும் கற்பித்து, சமயத்தையும் அரசியலையும் வாசலுக்கு வெளியே நிறுத்தின. இதில் நிறைவடையாத ராபர்ட் ஓவனின் கூட்டுறவுச் சோசலிஸ்டுகள் 1839 முதல் தம் சொந்தப் பணத்தில் 'அறிவியல் மன்றங்கள்' கட்டினர். மான்செஸ்டரின் கேம்ப்ஃபீல்டு மன்றம் பின்னர் அந்நகரின் இலவச நூலகமாக 1852இல் திறக்கப்பட்டது. இந்த இயக்கத்தின் வெப்பமான ஓரத்தில் பிறந்ததுதான், 1841இல் பிரிஸ்டலில் சார்லஸ் சவுத்வெல் தொடங்கிய ஒரு பென்னி நாத்திக இதழ். அதில் சவுத்வெல்லும் அச்சுக்கோப்பவரான வில்லியம் சில்ட்டனும் எழுதிய தொடர் கட்டுரைகள், உயிரினங்கள் படிப்படியாகக் கீழிருந்து மேலே உருமாறி வந்தன என்று டார்வினுக்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே வாதிட்டன. பிரெஞ்சு இயற்கையாளர் லமார்க்கின் கருத்தைத் தழுவிய இந்தக் கொள்கை லண்டனின் தனியார் உடற்கூற்றுப் பள்ளிகளிலும் தீவிரச் சீர்திருத்தவாத மருத்துவர்களிடமும் பரவியிருந்ததை வரலாற்றாசிரியர் ஏட்ரியன் டெஸ்மாண்டு காட்டியுள்ளார். கீழுள்ளது தன் ஆற்றலாலேயே மேலெழும் என்று கூறும் ஓர் உயிரியல், வாக்குரிமை மறுக்கப்பட்டோருக்கு ஏன் இனித்தது என்பதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

சவுத்வெல் 1842இல் ஓராண்டுச் சிறை சென்றார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக், செல்ட்டன்ஹாம் கூட்டமொன்றில், அமையவிருக்கும் சோசலிசக் குடியிருப்புகளில் கோவில் உண்டா என்று கேட்கப்பட்டபோது, இந்த வறுமையில் மக்களுக்கு அது கட்டுப்படியாகாது என்றும், வேலையில்லாப் படை அதிகாரிகளைப் போலக் கடவுளையும் பாதிச் சம்பளத்தில் வைக்கலாம் என்றும் விடையளித்து, ஆறு மாதச் சிறை பெற்றார். தசமபாகம் என்ற பெயரில் விளைச்சலில் ஒரு பங்கைத் திருச்சபைக்குச் செலுத்திவந்த நாட்டில், அது இறையியல் மறுப்பாக மட்டும் கேட்கவில்லை, வரி மறுப்பாகவும் கேட்டது. உலக வாழ்வின் நன்மையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் தம் கொள்கைக்கு 1851இல் 'செக்யுலரிசம்' என்று பெயரிட்டவர் இவரே. அதே ஆண்டின் மார்ச் 30 அன்று எடுக்கப்பட்ட சமயக் கணக்கெடுப்பை ஆய்ந்த ஹொரேஸ் மான், வழிபாட்டுக்கு வந்திருக்கக் கூடியவர்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அன்று வரவில்லை என்றும், அவர்களில் பெரும்பாலோர் நகரத் தொழிலாளர் என்றும் அறிக்கையிட்டது, ஆளும் வர்க்கத்தை நாத்திக இதழ்களைவிட அதிகமாகக் கலங்கச் செய்தது.

நோயும் இறைவேண்டலும் இக்கதையில் தனி இடம் பெறத்தக்கவை. காலரா பரவியபோது 1832 மார்ச் 21ஆம் நாளை நாடு முழுவதும் உபவாசமும் மன்றாட்டும் செய்யும் நாளாக அரசு அறிவித்தது. ஆண்டு முழுவதும் அரைப்பட்டினி கிடப்பவரை உபவாசம் இருக்கச் சொல்வதை எள்ளி, லண்டனின் தேசியத் தொழிலாளர் சங்கம் அன்று ஊர்வலம் நடத்தியது. அதன் தலைவர்களான மரத் தச்சர் வில்லியம் லவெட், பதிப்பாளர்கள் ஜேம்ஸ் வாட்சன், வில்லியம் பென்போ ஆகியோர் கைதாகி, வழக்கில் விடுதலையாயினர். 21 ஆண்டுகளுக்குப் பின், மீண்டும் காலரா மிரட்டியபோது உபவாச நாளை வேண்டிய எடின்பரோவின் குருமாருக்கு, ஏழைகள் வாழும் சந்துகளை முதலில் சுத்தம் செய்யுங்கள் என்ற பொருளில் விடை அனுப்பியவர் உள்துறை அமைச்சர் பாமர்ஸ்டன். தொழிலாளர் சொன்னபோது குற்றமானது, அமைச்சர் சொன்னபோது கொள்கையாகியிருந்தது.

1844இல் ஆசிரியர் பெயரின்றி வெளியான 'படைப்பின் இயற்கை வரலாற்றின் சுவடுகள்' என்ற நூலுக்கு ஏற்பட்ட வரவேற்பையும் இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். எடின்பரோப் பதிப்பாளர் ராபர்ட் சேம்பர்ஸ் எழுதியதென்று 1884இல்தான் வெளிப்பட்ட அந்நூல், உருமாற்றக் கொள்கையைத் தெருவிலிருந்து எடுத்து ஏழரை ஷில்லிங் நூலாக வரவேற்பறைக்குக் கொண்டுவந்தது. 1847இல் அதன் மலிவுப் பதிப்பு இரண்டரை ஷில்லிங்குக்கு வந்தது. செட்ஜ்விக் அதற்கு 85 பக்க மறுப்பு எழுதினார். அதே 1844இல் தம் கொள்கையை நீண்ட கட்டுரையாக எழுதி முடித்திருந்த சார்லஸ் டார்வின் அதைப் பூட்டிவைத்தார். 15 ஆண்டுகள் தாமதித்ததற்குச் சான்றுகளைத் திரட்டும் உழைப்பும் நலிந்த உடலும் காரணமாக இருந்தாலும், வசதி படைத்த நிலவுடைமையாளரும், ஊர்க் குருவின் நண்பரும், ஊர் உதவிச் சங்கத்தின் பொருளாளருமான ஒருவர், பென்னி இதழ்களின் கூட்டத்தில் தம் பெயர் சேர்வதை விரும்பியிருக்க முடியாது.

டார்வின் நூல் வெளிவந்தபின் 1860 ஜூன் 30 அன்று ஆக்ஸ்போர்டில் பேராயர் வில்பர்ஃபோர்சுக்கும் தாமஸ் ஹக்ஸ்லிக்கும் நடந்த வாக்குவாதம் பலமுறை சொல்லப்பட்டுத் தேய்ந்துவிட்டது. அதைவிடக் கவனிக்க வேண்டியது ஹக்ஸ்லி யார் என்பது: ஈலிங்கில் இறைச்சிக் கடைக்கு மேல்மாடியில் பிறந்து, இரண்டே ஆண்டுகள் பள்ளி சென்று, கடற்படையில் உதவி மருத்துவராகப் பணிபுரிந்து, ஆராய்ச்சியைச் சம்பளத் தொழிலாகக் கொண்டு வாழ முயன்றவர் அவர். பெரும்பாலும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜின் கதவுகளுக்கு வெளியே உருவான ஒன்பது பேர் 1864 நவம்பரில் அமைத்த 'எக்ஸ் கிளப்' என்ற விருந்துக் குழு மாதந்தோறும் கூடி, அறிவியல் அமைப்புகளின் பதவிகளைப் பற்றி ஆலோசித்தது. வில்லியம் ஹூக்கரின் மகன் ஜோசப், ஸ்பாட்டிஸ்வுட், ஹக்ஸ்லி என 1873 முதல் 1885 வரை ராயல் சொசைட்டியின் தலைவர்களாக அடுத்தடுத்து இருந்த மூவரும் அதன் உறுப்பினர்களே. குருமாரைப் பகுதிநேரப் பொழுதுபோக்கினராகக் காட்டி வெளியேற்றுவது சம்பளப் பதவிகளுக்கான போட்டியின் ஒரு பகுதி என்று வரலாற்றாசிரியர் ஃபிராங்க் டர்னர் வாதிட்டார். அறிவியல் சங்கங்களின் 660 பதவிகளில் 16ஐ மட்டுமே குருமார் வகித்ததாக ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1874இல் கணக்கிட்டுக் காட்டியதும் இவ்வாதத்துக்கு வலுவூட்டுகிறது.

ஆனால் மேலே ஏறுவதற்குக் கீழிருந்தோரிடமிருந்து விலகி நிற்பதும் தேவையாயிற்று. 1855 முதல் தொழிலாளருக்காக மலிவான விரிவுரைகள் நடத்திய ஹக்ஸ்லி, 1870இல் லண்டன் பள்ளி வாரியத்துக்குத் தேர்வானபோது வகுப்பறையில் விவிலியம் படிப்பதை ஆதரித்தார். நாத்திகர் என்ற பெயரின் நாற்றத்தைத் தவிர்க்க, 'அறிய இயலாதது' என்ற நிலைப்பாட்டைக் குறிக்கும் 'அக்னாஸ்டிக்' என்ற சொல்லை 1869இல் உருவாக்கினார். மருத்துவமனை வார்டு ஒன்றுக்காகச் சில ஆண்டுகள் மன்றாட்டு நடத்தி, அங்கே இறப்பு குறைகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்ற யோசனையை 1872இல் இயற்பியலாளர் ஜான் டிண்டல் தம் முன்னுரையோடு இதழொன்றில் வெளியிட்டபோது கண்டனங்கள் குவிந்தன. யாரும் கைதாகவில்லை. டார்வினோ, கருத்தடை நூல் வழக்கில் 1877இல் நாத்திக இயக்கத்தின் தலைவர்களான சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசண்டும் சாட்சி சொல்ல அழைத்தபோது மறுத்தார்; 1880இல் அவ்வியக்கத்தைச் சேர்ந்த எட்வர்டு ஏவ்லிங் தம் நூலை அவருக்குக் காணிக்கையாக்க இசைவு கேட்டபோதும் மறுத்தார். 1882இல் அவர் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டது.

அடுத்த ஆண்டு ஜி. டபிள்யூ. ஃபுட், ஒரு பென்னி இதழில் விவிலியக் கேலிச்சித்திரங்கள் வெளியிட்டதற்காக ஓராண்டுச் சிறை பெற்றார். அவர் மீதான மற்றொரு வழக்கில், ஹக்ஸ்லி, ஜான் ஸ்டூவர்ட் மில், மேத்யூ ஆர்னால்டு முதலியோரின் விலையுயர்ந்த நூல்களிலிருந்து பகுதிகளை நீதிமன்றத்தில் வாசித்து, இதே கருத்துகளைச் சொன்ன இவர்கள் ஏன் கூண்டில் நிற்கவில்லை என்று வினவினார். தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் ஜூரிக்கு அளித்த விளக்கத்தில், விவாதத்தின் கண்ணியம் காக்கப்படுமானால் சமயத்தின் அடிப்படைகளையே மறுத்தாலும் அது தேவதூஷணமாகாது என்று சட்டத்தைத் திருத்தமாக வரையறுத்தார். சிந்தனைச் சுதந்திரத்தின் மைல்கல்லாக இது போற்றப்படுகிறது. கண்ணியமான நடை எங்கே கற்பிக்கப்பட்டது, யாருக்குக் கற்பிக்கப்பட்டது என்பதைப் பார்த்தால், குற்றம் கருத்திலிருந்து நடைக்கு இடம்பெயர்ந்தது என்பதும் இவ்விளக்கத்தின் பொருளாகும். அதே 1883இல், சமயத் தேர்வு இல்லாததால் 'கடவுளற்ற கல்லூரி' என்று ஏசப்பட்ட லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி, பெசண்டையும் பிராட்லாவின் மகளையும் தாவரவியல் வகுப்பில் சேர்க்க மறுத்தது.

இங்கிலாந்தில் கீழ்த்தட்டின் அடையாளமாக ஒதுக்கப்பட்ட இதே வெளியீடுகள் கப்பலேறிச் சென்னைக்கு வந்தபோது வேறு வேலைக்குப் பயன்பட்டன. பிராட்லாவின் தேசிய செக்யுலர் சங்கத்தோடு தொடர்பு கொண்டு 1880களில் இயங்கிய சென்னை இலௌகிக சங்கம், தமிழில் 'தத்துவ விவேசினி'யையும் ஆங்கிலத்தில் 'தி திங்கர்' இதழையும் நடத்தியது. ஆய்வாளர் வீ. அரசு அவற்றைத் தொகுத்துப் பதிப்பித்த பிறகே தமிழ் வாசகர்களுக்கு இந்த வரலாறு பரவலாகத் தெரியவந்தது. அச்சங்கத்தாரின் எதிரில் தசமபாகம் வாங்கும் பேராயர் இல்லை. சாதி, சடங்கு, புராணம் ஆகியவை நின்றன. உயிர்களின் தோற்றம் பற்றிய அறிவியல் வாதத்தை இங்கே பிறப்பால் உயர்வு தாழ்வு என்ற கோட்பாட்டுக்கு எதிராகத் திருப்ப முடிந்தது. அச்சங்கத்தோடு சேர்ந்து எண்ணப்படும் அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர், இந்து ஆசாரங்களைக் கண்டித்து 1882இல் நூல் வெளியிட்டவர். அதற்கு முன்பே, செங்கல்பட்டுப் பகுதியில் நிலத்தைப் பயிரிட்ட பாயக்காரிகளுக்கும் பரம்பரை நில உரிமை கொண்டாடிய மிராசுதாரர்களுக்கும் இடையே நடந்த பூசலைப் பற்றி, பாயக்காரிகளின் பக்கம் நின்று எழுதியவரும் அவரே.